இடது காது

டாக்டர் இதை உப்பு என்கிறார்.
ஐந்து ரோட்டில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில்,
மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே சொன்னார்:
"வேறொன்றுமில்லைம்மா, ஒரு வகை உப்பு."
மூன்று மாதத்துக்கு ஒருமுறை
அஸ்தம்பட்டி லேபில் ரத்தம் கொடுக்கிறேன்.
புள்ளி ஏழு.
நல்ல மார்க்.
தனசேகர் அந்தச் சீட்டை
சுபிக்ஷாவின் ரேங்க் கார்டு மாதிரி மடித்து
பீரோவில் வைக்கிறார்.

வேலை, ஆத்தூர் சாலையில் ஜவ்வரிசி ஆலை.
களம் முழுக்க வெள்ளை காய்கிறது.
என் மேசைக்கு சாம்பிள் தட்டு வரும்:
வெண்மை எத்தனை, ஈரம் எத்தனை, புளிப்பு உண்டா.
ருசி என்று ஒரு கட்டம் படிவத்தில் கிடையாது.
அதனாலேயே இந்த வேலை எனக்குச் சரிப்படுகிறது.

அப்பா இறந்தது போன ஆடியில்.
தலைமாட்டில் நின்றுகொண்டு
பந்தல்காரர் போட்ட முடிச்சு ஒன்று
தளர்ந்திருப்பதைப் பார்த்தேன்.
அத்தை தோளைப் பிடித்து உலுக்கினாள்:
"அழுதுருடி, உள்ளயே வெச்சுக்காத."
உள்ளே போய்த் தேடினேன்.
பெருக்கித் துடைத்துவிட்டு
யாரோ குடி காலி செய்து போயிருந்தார்கள்.
சுவரில் ஆணித் துளைகள் மட்டும்.
வெளியே வந்து, முடிச்சை இறுக்கச் சொன்னேன்.
"கல்நெஞ்சுக்காரி" என்று ஒரு குரல் காதில் விழுந்தது.
விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடந்தது.

அதற்கு முந்தின வருஷம் நான் எப்படி இருந்தேன் என்று
செவ்வாய்ப்பேட்டையில் கேட்டுப் பாருங்கள்.
ஒரே மத்தியானத்தில் பதினோரு ஜோடி கொலுசு,
ஆலையில் கூடை தூக்கும் பெண்கள் எல்லாருக்கும்.
மாமியாரின் செயின் அடகுக்குப் போயிருந்தது.
நாலு ராத்திரி தூங்கவில்லை.
ஐந்தாவது ராத்திரி ஸ்கூட்டியை எடுத்து
ஏற்காடு மலை ஏறினேன், ஹெட்லைட்டை அணைத்துவிட்டு.
நிலா போதும் என்று தோன்றியது.
நிலாவை ஏற்றி வைத்ததே நான்தான் என்றும்.
பதினாலாவது கொண்டை ஊசி வளைவில்
காட்டெருமை ஒன்று நின்றது.
கீழே கிடந்த சேலத்து விளக்குகளைக் காட்டி
"எல்லாம் உனக்குத்தான், எடுத்துக்கோ" என்றேன்.
அது வாங்கிக்கொள்ளவில்லை.

அவளை நினைத்தால் பயம்.
சில நாள், தனசேகரிடம் சொல்லிவிடாதீர்கள், பொறாமை.

இப்போது சிரிப்புக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்.
மற்றவர்கள் தொடங்கியதும் ஒன்று, இரண்டு எண்ணி
நானும் சேர்ந்துகொள்வேன்.
சுபிக்ஷா கண்டுபிடித்துவிட்டாள். ஏழாவதுதான் படிக்கிறாள்.
குண்டு எறிதலில் இரண்டாம் பரிசு வாங்கி வந்து
கோப்பையை என் மடியில் வைத்துவிட்டு
என் முகத்தையே பார்த்தாள்,
பால் பொங்குமா என்று பார்க்கிறவள் மாதிரி.
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
பிறகு அடுப்பை அணைக்கிறவள் மாதிரி எழுந்து போனாள்.

அன்பு இல்லை என்று இல்லை.
அவள் ஷூவுக்குள் விரலை விட்டு
இன்னும் இடம் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.
கை செய்கிறது. என்னிடம் சொல்லாமல் செய்கிறது.
அந்தக் கையும் நடுங்குகிறது, மருந்தால்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் ஏற்காடு பஸ்ஸில்.
அவள் கேட்டாள், நான் சரி என்றேன், அவ்வளவுதான்.
கண்ணாடிக்கு வெளியே சேலம் சிறுத்துக்கொண்டே போனது,
மாக்னசைட் சுரங்கத்தின் வெள்ளைக் கீறலோடு,
யாருடைய ஊரோ மாதிரி.
பதினாலில் எதுவும் நிற்கவில்லை.
காது அடைத்தது.
"எச்சி முழுங்கும்மா, திறந்துக்கும்" என்றாள்.
எச்சில் எங்கே? இந்த உப்பு நாக்கை உலர்த்திவிடுகிறது.
அவள் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.
என் கைக்கு அடியில் தன் கையையும் கொடுத்தாள்,
ஜன்னலைப் பார்த்தபடியே.

குடித்தேன்.
இடது காது திறந்தது.
இன்ஜின், கண்டக்டரின் விசில்,
பின் சீட்டில் ஒரு குழந்தை வாந்தி எடுப்பது,
இவற்றுக்கு நடுவே அவள் பேசிக்கொண்டிருந்தாள்;
பாதி வாக்கியத்திலிருந்து கேட்டது.
வலது காது அடைத்தபடியே இருந்தது.
எழுந்து, இடப்பக்கம் வந்து உட்காரச் சொன்னேன்.