சூடு காட்டாத பித்தளை

வியாசர்பாடி எஸ்டேட்டில் மற்ற மிஷின்களெல்லாம்
படுத்துக்கொண்டு வேலை செய்பவை.
எங்களுடையது ஒன்றுதான் நின்றபடி
மேலிருந்து வாய் மூடும்.

மூடுவதற்குள்
நாலு கம்பியில் நாலு பித்தளை நட்டு,
சிமிட்டாவால் எடுத்து உட்கார வைக்க வேண்டும்.
ஒன்று சாய்ந்தாலும் மோல்டு அதைக் கடித்துவிடும்.
மோல்டின் விலையைக் கேட்டால்
என் வீட்டு வாடகையை வருஷக் கணக்கில் எண்ண வேண்டும்.

கதவைச் சாத்து. பச்சைப் பொத்தான்.
உருகின நைலான் பாய்ந்து
பித்தளையின் சொரசொரப்பில் பல் பதித்து
இறுகும்.
நாற்பத்திரண்டு விநாடி.
வெளியே வருவது
கிரைண்டரைச் சாய்க்கும்போது திருகுகிற கறுப்புக் குமிழ்.
கோயமுத்தூருக்குப் போகும்.
அப்புறம் எந்த வீட்டில் எந்த மாவோ.

ஒரு வேலையை இன்னும் சொல்லவில்லை.
நட்டுக்கு முதலில் சூடு காட்ட வேண்டும்.
கரண்ட் அடுப்பின் மேல் பழைய தோசைக்கல்,
அதில் ஐம்பது ஐம்பதாகப் பரப்பி
தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று காய்கிற பதம்.
அது ஷம்ஷாத்தின் வேலை.

ஜில்லென்ற பித்தளையைச் சுற்றி இறுகினால்
அன்றைக்கு ஒன்றும் தெரியாது.
பளபளவென்று இருக்கும்.
டெல்லிபாபு அண்ணன் அளந்து பார்த்து ஓகே என்பார்.
மூன்று வாரம் கழித்து
யாரும் தொடாமல், பெட்டிக்குள்ளேயே
வெடிப்பு விடும்,
மயிரிழை அளவு.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் ஏறி
ஷம்ஷாத் அந்தப் பக்கமே நின்றுவிட்டாள்.
அடுப்புக்கும் மிஷினுக்கும் ஏழு தப்படி.
ரெண்டு மணி வரை ஓடி ஓடிப் பார்த்தேன்.
அப்புறம் டப்பாவிலிருந்து நேராகவே எடுத்து வைத்தேன்.
விரலுக்கு இதமாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன்.
விடியும்போது
தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு.

கார்த்திகைக் கடைசியில் மூன்று மூட்டை திரும்பி வந்தது.
டெல்லிபாபு அண்ணன் ஒரு குமிழை மோந்து பார்த்தார்.
ஈரம் என்றார். சரக்கே ஈரம்.
மணலியில் நைலான் விற்கிற ஞானப்பிரகாசத்தை
ஃபோனில் கூப்பிட்டு
அவன் அம்மா வரைக்கும் போனார்.
நான் பக்கத்தில்
மோல்டு மாதிரி மூடிக்கொண்டு நின்றேன்.

உடைத்தால் பித்தளையாவது மிஞ்சும்.
கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி.
ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன் என்றேன்.
கேட்காமலே ஷம்ஷாத்தும் வந்தாள்.

ஒரு தண்டவாளத் துண்டு, ரெண்டு சுத்தியல்.
மூட்டைக்குள் எல்லா ராத்திரியும் கலந்து கிடந்தது.
சில குமிழ்கள் அஞ்சு அடி வாங்கியும் விடவில்லை,
தூளாய்ச் சிதறின பிறகும்
ஒரு கறுப்புச் சில்
பித்தளையின் பல்லிடுக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது.
சில, ஒரே தட்டு.
டிங்கென்று கழன்று உருண்டன,
ஒருநாளும் உள்ளே இருந்ததே இல்லை என்பதுபோல.

ஷம்ஷாத் நிறுத்தினாள்.
ஒரு கையில் அது, ஒரு கையில் இது.
தான் சூடு காட்டியது எதுவென்று அவளுக்குத் தெரியாதா?
"அன்னிக்கு நான் வரல, இல்ல?"
அவ்வளவுதான்.
லேசாய்க் கழல்வதையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொண்டு
மற்றதை என் காலடிக்குத் தள்ளினாள்.
சாயங்காலம் சோற்றுக் கையைத் தூக்க முடியவில்லை.

பித்தளைக்கு ஒன்றும் ஆகவில்லை.
சோப்புத்தூளில் அலசினால் போதும்.
திங்கட்கிழமை அதே நட்டுகள், அதே தோசைக்கல்.
விரல் நுனியால் அவள் தண்ணீர் தெளித்தாள்.
சுர்ர்.
சிமிட்டாவை நீட்டினேன்.

ஞானப்பிரகாசத்தின் நம்பர்
என் ஃபோனில்தான் இருக்கிறது, சனிக்கிழமையிலிருந்து.
கதவைச் சாத்து. பச்சைப் பொத்தான்.
நாற்பத்திரண்டு விநாடியில்
ஒரு ஃபோன் பேசி முடிக்கலாம்தான்.