முதுகு

குன்றின் பெயரைச் சொல்ல மாட்டேன்.
சொன்னால் அடுத்த ஞாயிறே
எனாமல் டப்பாவோடு யாராவது ஏறுவார்கள்.
மேலூர் தாண்டி, கண்மாய்க்கரை முடிகிற இடத்தில்
வண்டியை விட்டுவிட்டு நடக்க வேண்டும்.
அவ்வளவு போதும்.

சரிந்த பாறையின் அடிவயிற்றில் நிற்கிறான்.
ஒரு சாண் உயரம்.
விரல் தடிமனில் வெள்ளைக் கோடு,
தலைக்கு ஒரு பொட்டு,
கைகள் இரண்டும் தூக்கியபடி.
வலக்கையில் மூன்றே விரல்.
மழை தின்றதோ,
வரைந்த ஆளை அதற்குள்
யாரும் சாப்பிடக் கூப்பிட்டார்களோ.
பக்கத்தில் பச்சை எனாமலில் ஒரு காதல்,
அம்பு தைத்த இதயத்தோடு.
வேட்டை இன்னும் நடக்கத்தான் செய்கிறது.

மாட்டுத்தாவணிப் பக்கம் புது ஓட்டல்.
வரவேற்பறையில் ஏழடிக்கு அவனை
இரும்பில் நிறுத்தச் சொன்னார்கள்.

மீரான் பாய் காயலான் கடையில்
முனை மழுங்கிய துளைக்கம்பிகள் கிடந்தன,
குவியலாக.
"குவாரி சரக்கும்மா. மூடிட்டாங்கள்ல."
அவன் குன்றுக்கு அண்ணன் தம்பிக் குன்றுகள்
சமையல்மேடையாய், கல்லறைப் பலகையாய்
கப்பலேறிப் போனது
இவை போட்டுக்கொடுத்த துளை வழியாகத்தான்.
வேறு கம்பியும் கடையில் இருந்தது.
இதையே நிறுக்கச் சொன்னேன்.
ஏனென்று இன்றுவரை
நேராகச் சொல்ல வரவில்லை.

ஒத்தக்கடைப் பட்டறையில் சேவுகன் பற்றவைத்தான்.
நாளெல்லாம் ஜன்னல் கிராதியும்
கேட்டுக்கு மயிலும் செய்கிற கை.
"மயிலுக்குத் தோகை இருக்கு, பாத்து வளைக்கலாம்.
இவன்கிட்ட என்ன இருக்கு, கோடுதான?"
முன்பக்கம் மூன்று நாளில் முடிந்தது.
நான்காம் நாள்
கருப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டான்:
"அக்கா, இவனுக்கு முதுகு எப்படிக்கா?"

வாயடைத்துப் போனேன்.
பாறையில் அவனுக்கு முதுகே கிடையாது.
குன்றுதான் முதுகு.
மூவாயிரம் ஆண்டோ இரண்டாயிரமோ,
ஆளுக்கொரு கணக்கு,
அத்தனை காலமும் சாய்ந்தே நின்றவன்.
பின்னால் யார் பேசுகிறார்களென்று
ஒருமுறையும் திரும்ப வேண்டியிராதவன்.
ஓட்டலில் சுற்றிவருவார்கள்.
உருளும் பெட்டியை இழுத்துக்கொண்டு
பின்பக்கம் நின்று விலை கேட்பார்கள்.

மறுபடி ஏறினேன்.
அவன்மேல் படாமல் நாலு முழம் தள்ளி
முதுகைப் பாறையில் ஒட்டிக்
கைகளைத் தூக்கி நின்றேன்.
சுட்டது.
எதிரே கண்மாய், கொஞ்சம் தென்னை,
நாலுவழிச் சாலையில் எறும்பு லாரிகள்.
அதற்கும் அப்பால், ஒரு குன்று இருந்த இடத்தில்
சதுரமாய் வெட்டிய பள்ளம்,
அடியில் பச்சைத் தண்ணீர்.
அவன் பார்த்துக்கொண்டிருப்பது இதைத்தான்.
ஆடுகிறானா, விலங்கை மறிக்கிறானா,
யாரையாவது கும்பிடுகிறானா?
நின்று பார்த்ததில்
தோள்பட்டை வலிக்கும் என்பது மட்டும்
உறுதியாயிற்று.

இறங்கிவந்து சேவுகனிடம் சொன்னேன்:
முதுகும் முன்பக்கம் போலவே இருக்கட்டும்.
பற்றவைத்த தழும்பைத் தேய்க்காதே.
"தேய்க்காம குடுத்தா என் பேரு கெட்டுரும்க்கா."
ஆனாலும் தேய்க்கவில்லை.

மேலாளர் துருவைத் தொட்டுப் பார்த்து
விரலைக் கைக்குட்டையில் துடைத்தார்.
பிறகு விரல்களை எண்ணினார்.
"ரெண்டுதானே மேடம், சேத்துடுங்களேன்."
சேர்க்கவில்லை.
மீதித் தொகையில் எட்டாயிரம் பிடித்துக்கொண்டார்.
விரலுக்கு நாலு.

திறப்புக்கு முந்தின இரவு
தரை துடைக்க வந்த வெள்ளத்தாய்
மாப்புக் கட்டையோடு அவனை இரண்டு சுற்றுச் சுற்றினார்.
முன்னால் நின்றார். பின்னால் நின்றார்.
எது முன், எது பின்?
"இந்தாளு வாராரா, போறாரா?"

யோசித்துக்கொண்டே நின்றேன்.
அவருக்கு அடுத்த தளம் கிடந்தது.
"காயிறவரைக்கும் மிதிக்காதீங்க" என்றுவிட்டு
அவன் காலடியில்
'வழுக்கும், கவனம்' என்ற மஞ்சள் பலகையை
விரித்து வைத்துப் போனார்.