மூன்று புள்ளி

காலாப்பட்டு கவுண்டரில் லூர்துமேரி மேடம்
என் மதிப்பெண் பட்டியலைக் கண்ணருகே தூக்கிப் பிடித்து
"எட்டு புள்ளி நாலு ஆறும்மா" என்றார்,
காய்ச்சல் அளவு சொல்லும் நர்ஸின் குரலில்.
எட்டரை இருந்தால்தான் இடமாற்ற விண்ணப்பம் உள்ளே போகும்.
அதை எட்டரை என்றே வைத்துக்கொள்ளக் கூடாதா என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரைப் பிடித்துப்போனது.
"போன வருஷம் நாலு ஒன்பதோட ஒரு பையன் வந்தான்."
அவ்வளவுதான் சொன்னார்.
அவனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பதற்குள்
பின்னால் நின்றவர் கோப்பை நீட்டிவிட்டார்.

திரும்பும் பேருந்தில் டிக்கெட்டின் பின்புறம் கணக்குப் போட்டேன்.
எண்பது கிரெடிட்.
வாங்கியது அறுநூற்று எழுபத்தேழு.
வேண்டியது அறுநூற்று எண்பது.
அரியாங்குப்பம் பாலத்தில் ஒரு முறை,
முள்ளோடை நெரிசலில் இன்னொரு முறை.
மூன்று கிரெடிட் பாடம் ஒன்றில்
ஒரே ஒரு படி.

எந்தப் பாடம் என்று எனக்குத் தெரியும்.
கரிம வேதியியல் அல்ல, அதில் பத்து.
சுற்றுச்சூழல் கல்வி.
ஃபர்ஹானா முந்தின இரவு மட்டும் புரட்டிவிட்டு
ஒன்பது எடுத்த பாடம்.

சாத்தனூரில் திறந்துவிட்ட தண்ணீர்
குண்டு உப்பலவாடிக்கு விடியற்காலை மூன்று மணிக்கு வந்தது.
அப்பா முதலில் கேஸ் சிலிண்டரைப் பரணில் ஏற்றினார்,
அடுத்து என் ரெக்கார்டு நோட்டை,
அதற்கப்புறம்தான் தம்பியை.
அவன் இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறான்.
ஐந்து இரவு பள்ளிக்கூட வகுப்பறையில், பெஞ்சுகளை ஒட்டிப் போட்டு.
தள்ளிவைத்த தேர்வைப் பதினோராம் நாள்
அத்தை மகளின் சுடிதாரில் போய் எழுதினேன்.

பத்து மதிப்பெண் வினா:
வெள்ளத் தடுப்பு மேலாண்மை முறைகளை விளக்குக.

சிரித்துவிட்டேன். மேற்பார்வையாளர் திரும்பிப் பார்த்தார்.

தண்ணீர் வாசல் வழியாக வராது,
கழிவறை வழியாகத்தான் முதலில் வரும் என்று எழுதினேன்.
மாட்டை முதல் நாளே அவிழ்த்துவிட வேண்டும் என்று எழுதினேன்.
அறிவிப்பு ஆட்டோ பக்கத்துத் தெருவோடு திரும்பிவிட்டதை,
எதிர்வீட்டு வேதவல்லி அக்கா
இன்சுலினை முறுக்கு டப்பாவில் அடைத்து
தலைக்குமேல் பிடித்தபடி கழுத்தளவில் நின்றதை.
கரை என்று தொடங்கியபோது மணி அடித்தது.
மூன்று புள்ளி வைத்து முடித்தேன்.

நேற்று விடைத்தாள் நகல் வந்தது.
பத்துக்கு இரண்டரை.
கழிவறைக்கு நேரே ஒரு கேள்விக்குறி.
வேதவல்லி அக்காவுக்கு மட்டும் அடிக்கோடு, ஏனென்று தெரியவில்லை.
அந்த மூன்று புள்ளியைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"அணை, கரை, காடு வளர்ப்பு, முன்னெச்சரிக்கை, விழிப்புணர்வு.
அஞ்சு தலைப்பு, ஒரு படம், ஏழு மார்க்.
ஏண்டி உனக்கு இது?" என்கிறாள் ஃபர்ஹானா.
எனக்கும் மனப்பாடம்தான், இப்போது எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
நடந்ததை எழுதினேன் என்று பெருமை ஒன்றும் இல்லை.
காலாப்பட்டு ஆய்வகத்தை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வந்தவள் நான்.
அந்த ஐந்து தலைப்பையும்
அழகான கையெழுத்தில் எழுதித் தொலைத்திருக்கலாம்.

மறுமதிப்பீட்டுக்கு இன்று கடைசி நாள்.
அப்பா நகலை இரண்டு பக்கமும் படித்தார்,
உதடு அசைய, மின்கட்டண ரசீதைப் படிப்பதுபோல.
சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து
எண்ணிக்கொண்டே கேட்டார்:
"கரையைப் பத்தி என்னம்மா எழுத வந்த?"

சொல்லத் தொடங்கினேன்.
பாதியில் எண்ணிக்கை தவறி
மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.
ஐம்பது ரூபாய் குறைந்தது.
அம்மாவைக் கூப்பிட்டார்.