பிரேக் கால்

பதினோரு ஆண்டு விபத்தில்லாமல் ஓட்டியதற்கு
டிப்போவில் கொடுத்த கண்ணாடிக் கோப்பை
தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் நிற்கிறது.
நான் விழுந்தது கோப்பிக்கடை வாசலில்.
மூன்றே படி. மழை ஈரம்.
தே-ஓ பையை மட்டும்
ஒரு சொட்டும் சிந்தாமல் தூக்கிப் பிடித்திருந்தேனாம்.
பழக்கடை ஆ ஹுவாட் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்.

வலது கால்.
பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் அதன் பிழைப்பு.
இடது கால் இத்தனை வருடம்
டிக்கெட் இல்லாமல் கூடவே வந்த கால்.
இப்போது அதுதான்
கழிவறைக்குக் கூட்டிப்போகிறது.

ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது
வெளிறி, தோல் உரிந்து,
யாரோ தண்ணீரில் போட்டு மறந்துவிட்ட
சேப்பங்கிழங்கு மாதிரி இருந்தது.
என்னுடையதுதானா என்று
கொலுசு போட்ட தழும்பைத் தேடினேன்.

பிசியோ ரஸ்வானா
சுவரோரம் தரையில் அளவுநாடா ஒட்டியிருந்தாள்.
குதிகால் தூக்காமல்
முழங்காலால் சுவரைத் தொட வேண்டும்;
பெருவிரலுக்கும் சுவருக்கும் எவ்வளவு தூரமோ
அதுதான் மதிப்பெண்.
இடது, அலட்டிக்கொள்ளாமல் பன்னிரண்டு.
வலது, மூன்று சென்டிமீட்டர்.

பன்னிரண்டு மீட்டர் வண்டியை
ஓரக்கல்லுக்கு ஒரு சாண் விட்டு
கண்ணாடியைப் பார்த்தே நிறுத்துகிறவள் நான்.
மூன்று சென்டிமீட்டரில் நின்று
வியர்த்துக் கொட்டியது.

வீட்டில் செய்ய:
கட்டைவிரலால் காற்றில்
ஏ முதல் இசட் வரை எழுதணும் மேடம்.
ஏ-பி-சிக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை என்று
சோபாவில் காலை நீட்டி அ போட்டேன்.
அ-வே வலித்தது.
ட சுலபம், நேர்கோடு இரண்டு. ப-வும் பரவாயில்லை.
இ பாதியில் நின்றுவிட்டது.
ண-வின் சுழி ஒவ்வொன்றும்
உள்கணுவில் ஊசி.
ழ-வில் கீழே இறங்கிய கால்
வளைந்து திரும்ப மறுத்தது.
நாக்கில் ழ வராதவர்களை
எத்தனை முறை கிண்டல் செய்திருப்பேன்.

யாருக்குக் கடிதம், என்றார் தனராஜ்,
துணி காயப்போடும் மூங்கிலோடு கடந்துபோகையில்.
டிப்போ மேனேஜருக்கு, என்றேன்.
லீவு நீட்டிக்கச் சொல்லி.

மஞ்சள் ரப்பர் பட்டை. பிறகு சிவப்பு.
பல் துலக்கும்போது ஒற்றைக் காலில்.
பற்பசை முழங்கைவரை வழிந்த ஒரு காலையில்
நடராஜர் எந்தக் காலில் நிற்கிறார் என்று
நொண்டிப்போய் நாட்காட்டியில் பார்த்தேன்.
வலதுதான்.
அவருக்கு மிதிக்க ஒருவன் கிடைத்திருக்கிறான்.
எனக்குக் குளியலறை ஓடு.

ஒன்பதாம் வாரம், யீஷூனில் சாலையைக் கடக்கிறேன்.
பாதியிலேயே பச்சை மனிதன் மினுக்கத் தொடங்கினான்.
எட்டு. ஏழு.
உயரத்து இருக்கையிலிருந்து
இப்படி நடப்பவர்களை
நட தாயே, நட என்று
வாய்க்குள்ளேயே விரட்டியவள்தான்.
நான்கு. மூன்று.
எதிரே எங்கள் டிப்போவின் இரட்டைமாடி.
ஓட்டுநர் முகத்தில் வெயில் பட்டு
யாரென்று தெரியவில்லை.
ஒரு கை மட்டும் உயர்ந்தது, மெதுவா வா என்பதுபோல்.

அவர் காலை நான் பார்க்க முடியாது.
தெரியும் ஆனாலும்:
குதிகால் தரையில் ஊன்றி,
விரல்கள் முன்னே சாய்ந்து,
எண்பது பேரின் அவசரத்தை
ஒரு கணுக்கால் அழுத்திப் பிடித்திருக்கிறது.
விளக்கு மாறியும்
நான் ஓரக்கல்லில் ஏறும்வரை
அது அசையவில்லை.
நன்றி சொல்லத் திரும்பினால்
வண்டி போய்விட்டது.

பத்து வந்தால்
ஓட்டிப் பார்க்க அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள் ரஸ்வானா.
இன்று காலை, சமையலறைச் சுவர்,
முழங்கால் போய் முட்டியது.
ஒன்பது.
குதிகால் ஒரு மயிரிழை எழும்பியதோ என்று சந்தேகம்.
தனராஜ் வேலைக்குப் போயாயிற்று,
வீட்டில் வேறு யாருமில்லை.

அட்டையில்
எட்டரை என்று எழுதினேன்.