நிகர எடை

செவ்வாய், வியாழன், சனி.
பீடோர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
டயர் கடைக்கு மேல்மாடி.
ஒன்பது நாற்காலி, ஒன்பது மிஷின்,
எதிர்ச்சுவரில்
ஒரு முழுக் குளம்.

இரும்புக்கடைத் தவுக்கேயின் அன்பளிப்பு.
அவர் மனைவி நாலாம் நம்பரில் படுத்திருந்தவர்.
அல்லி, அல்லிக்கு அடியில் மேகம், மறுபடியும் அல்லி.
கீழே பொடி எழுத்தில் மோனே.
யார் என்று கேட்டோம்.
நூருல் மிஸ்ஸி போனைத் தேய்த்துப் பார்த்துவிட்டு
மலாயில் சொன்னாள்:
பிரெஞ்சுக்காரர். வீட்டுக் குளத்தையே
திரும்பத் திரும்ப வரைந்தவர்,
கண்ணில் புரை விழுந்த பிறகும்.
ஆள் இப்போது இல்லை.

எங்களுக்கு நாளைக்கு அரை லிட்டர்.
ரசம், தேத்தண்ணி, மாத்திரைக்கு ஒரு மிடறு
எல்லாம் அதற்குள்.
தாகக்காரர் ஒன்பது பேருக்கு முன்னால்
தண்ணீரை மாட்டியவர்
நல்லவரா, கொடுமைக்காரரா?
ஆறு மாதம் இதையே பேசினோம்.

"நம்ம மில்லுக்குப் பின்னால உள்ள
கழிவுக் குட்டைதான் இது," என்றார் அந்தோணிசாமி.
பழ லோரி ஓட்டியவர்.
"அதே பச்சை. நாத்தத்த மட்டும் வரையல."
"கரையே காணோமே," என்றாள் குமுதவல்லி.
"எறங்குனவன் எங்க ஏறுவான்?"

நான் அதே மில்லில்
எடைப்பாலத்துக் கிராணி, முப்பத்தொரு வருஷம்.
லோரி உள்ளே வர ஓர் எடை,
வெளியே போக ஓர் எடை,
கழித்தால் பழம்.
இப்போது நானே ஏறி நிற்கிறேன்.
வரும்போது ஐம்பத்தெட்டு புள்ளி ஆறு,
போகும்போது ஐம்பத்தாறு புள்ளி மூன்று.
கழித்தால் தண்ணீர்.

ஒரு சனிக்கிழமை, நாலு மணி.
அந்தோணிசாமியின் மகள் ஜெசிந்தா
(அயர்லாந்தில் நர்ஸ், லீவில் பாரிஸ் போனவள்)
நிஜக் குளத்துக்கு முன்னால் நின்று
வீடியோவில் கூப்பிட்டாள்.
அப்பாவின் ஒரு கையில் ஊசி,
மறு கை நடுங்கியது.
நூருல்தான் போனைப் பிடித்தாள்.

முட்டை மாதிரி அறையாம். மூலையே இல்லை.
சுவர் வளைந்து போகிறது,
கூடவே தண்ணீரும் போகிறது.
"இன்னும் முடியலப்பா," ரகசியக் குரலில் அவள்.
"இன்னும் இருக்கு. இன்னும் இருக்கு."
போன் நாற்காலி நாற்காலியாக வந்தது.
"மீன் இருக்கான்னு கேளு," என்றார் யாரோ.
என் முறை வந்தபோது லைன் தடுமாறி
குளம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது.
ஐஸ்கட்டிகள்.
வாய் தானாகத் திறந்துகொண்டது.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம்
ஒருவரும் பேசவில்லை.
"பெருசுதான்," என்றார் அந்தோணிசாமி, மகளுக்கு விட்டுக்கொடுக்காமல்.
பிறகு மெதுவாக,
"நம்முளுது மாதிரி இல்ல."

நிமிர்ந்து பார்த்தேன்.
நம்முளுதில் இடது ஓரம் பல்லி எச்சம்.
நடுவில் டியூப்லைட் ஒரு வெள்ளைக் கோடு.
வெயில் இறங்கும் நேரம் கண்ணாடிச் சட்டத்துக்குள்
நாங்கள் ஒன்பது பேரும் தெரிகிறோம்.
சிவப்புக் குழாய்களோடு
அல்லிகளுக்கு நடுவில் படுத்திருக்கிறோம்.
பாரிஸ் படத்துக்கு முன்னால் கண்ணாடி இல்லையாம்.
அதில் எங்களைப் போட
இடமும் இல்லை.

அன்று இறங்கும்போது கேட்டேன்:
என்னிடமிருந்து எடுத்த
இரண்டு புள்ளி மூன்று எங்கே போகிறது?
"லோங்காங்," என்றாள் நூருல்.
லோங்காங் எங்கே போகிறது?
அவளுக்கு வேறு வேலை இருந்தது.

வேன் தாப்பா ரோட்டில் திரும்பியது.
பழைய ஈயக்குட்டை வந்தது.
வேலைக்குப் போக வர
முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் கடந்த குட்டை.
ஒரு நாளும் தலை திருப்பியதில்லை.
"தம்பி, நிறுத்து."
"வாந்தி வருதா ஆன்ட்டி?"
"இல்ல. சும்மா நிறுத்து."

இலைகள். இலைகளுக்கு அடியில்
தலைகீழாகச் செம்பனை.
தூரத்துக் கரையில் ஒருவன்
தூண்டிலை மறந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான்.
எங்கே தண்ணீர் முடிந்து எங்கே வானம் தொடங்குகிறது என்று
புரை விழாத கண்ணுக்கும்
சரியாகத் தெரியவில்லை.

பின்னால் ஒரு பழ லோரி ஹாரன் அடித்தது.
பதினெட்டு டன் இருக்கும், பார்த்தாலே சொல்வேன்.
எச்சிலை
ஒரு மிடறு விழுங்கினேன்.
அது கணக்கில் வராது.