ஏழாவது பத்தி

உயர்நீதிமன்ற உத்தரவின் ஜெராக்ஸ்,
பால் சொசைட்டி அட்டைக்குள் மடித்து வந்தது.
கொண்டு வந்தவள் பொங்கியண்ணன் மகள்.
கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.
உள்ளே வா என்று நான் சொல்லவில்லை.

ஏழாவது பத்தியில் நான் இருந்தேன்.
'இறந்தவரின் மனைவி தெய்வாத்தாள்
முன்விடுதலைக்குக் கடும் ஆட்சேபணை தெரிவித்தார்.'
கடும் என்ற சொல்லை ரெண்டு தடவை படித்தேன்.
யாரிடம் தெரிவித்தேன்?
போட்டிருந்த தேதி ஒரு செவ்வாய்.
அன்றைக்கு வெள்ளகோவிலில் தேங்காய்ப் பருப்பு ஏலம்;
மூணு மூட்டை, ஈரம் அதிகமென்று
விலையைக் குறைத்தார்கள்.
பொழுதோடதான் ஊடு வந்தேன்.

எட்டாவது பத்தியில் நீதிபதி கேட்கிறார்:
எங்கே அந்தப் பெண்ணின் கையெழுத்து?
அரசு வக்கீல் அவகாசம் கேட்கிறார்.
பத்தாவதில் மறுபடியும் அவகாசம்.
பதினெட்டு வருசமாகக் கோவை ஜெயிலில் இருக்கிறவன்
அந்த நேரமும் தறியில்தான் இருந்திருப்பான்.
கடைசியில், நிராகரித்த ஆணை ரத்து.
எட்டு வாரத்துக்குள் மறுபரிசீலனை.
விடுதலை என்று எங்கேயும் இல்லை,
தேடிப் பார்த்தேன்.

மறுபரிசீலனை ஒரு ஜீப்பில் வந்தது.
களத்தில் எள்ளுக் காய்ந்துகொண்டிருந்தது.
அலுவலர் சின்னப் பையன்,
செருப்பைக் களத்துக்கு வெளியே விட்டான்.
'ஆட்சேபணை உண்டுங்களா, இல்லீங்களா?'
ரெண்டு கட்டம். ஒன்றில் டிக்.

கடைமடைத் தண்ணீர்.
எங்கள் முறை விடிகாலை மூணு வரைக்கும்.
ரெண்டரைக்கே அவன் மடையைத் திருப்பினான்.
அரை மணி நேரம். மம்மட்டி.
நான் போய்ப் பார்த்தபோது தண்ணீர்
அவன் காட்டுக்கும் பாயவில்லை, எங்கள் காட்டுக்கும் பாயவில்லை,
இட்டேரியில் போய்க்கொண்டிருந்தது.

அவன் ஆத்தா செத்தபோது மூணு நாள் பரோல்.
ரெண்டு போலீசுக்கு நடுவே
அதே இட்டேரியில் எதிரே வந்தான், நரைத்துப்போய்.
முள்ளுக்குள் ஒதுங்கி வழிவிட்டான்.
சேலை அவன் மேல் படாமல்
இழுத்துப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

'சொல்லுங்கம்மா.'
'அன்னைக்கே கேட்டிருந்தா
கடும்னுதானுங்க சொல்லியிருப்பேன்.
நீங்க கேக்கலியே.'

பேனா எழுதவில்லை.
உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்துவிட்டு நீட்டினான்.
'மொதல்ல இன்னைக்குத் தேதியப் போடுங்க.
இன்னைக்குத்தான் வந்தீங்கன்னு எழுதுங்க,
அதுக்குக் கையெழுத்துப் போடறேன்.
அந்தக் கட்டம்...
சித்த இருங்க,
எள்ளக் கூட்டி அள்ளீட்டு வர்றனுங்க.
மேக்க மழை எறங்குது.'