இருபத்து மூன்றாவது நகர்த்தல்

பெரம்பூரில் எஞ்சின் என்றால்
ஆறு அச்சு, நூற்று இருபது டன்,
வயிற்றைத் திறந்தால் சூட்டோடு எண்ணெய் வாடை.
லோகோ ஒர்க்ஸில் பதினோரு வருஷமாக
அதன் பேரிங்குகளைக் கழற்றி மாட்டுகிறேன்.
ஓடும்போது ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்தால்
எது கெட்டதென்று அதுவே சொல்லிவிடும்.
அகரத்து வீட்டில் இருக்கிற எஞ்சினுக்கு
எடையில்லை, வாடையில்லை,
காது வைக்க ஓர் இடமில்லை.

பின்லாந்தில் ரைமோ என்று ஒருவர்.
ஒரு நகர்த்தலுக்கு ஐந்து நாள்.
எஞ்சின் வைத்துக்கொள்ளலாம், விதியே சொல்கிறது;
வைத்துக்கொள்ளாதவர்
தண்டவாளத்தில் நடந்து ரயிலை முந்தப் பார்ப்பவர்.
ஆகவே அவரிடம் ஒன்று, என்னிடம் ஒன்று.
இரண்டும் இரவெல்லாம் பேசிக்கொள்கின்றன.
நாங்கள் இரண்டு தபால்காரர்கள்.

தனசிங் கரண்ட் பில்லை
ஃப்ரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறான்.
"ஐந்நூறைத் தாண்டிட்டா ரேட்டே வேற, ஹெப்சி.
உன் குதிரை ஒரு தடவை தாவ
நம்ம மீட்டர் குதிரையா ஓடுது."
சிரித்தேன். வேறென்ன சொல்ல?
சித்திரை வெயிலில் ஏசியை அணைத்துவிட்டு
கம்ப்யூட்டருக்கு டேபிள் ஃபேன் வைக்கிற பெண்டாட்டி
எத்தனை பேருக்குக் கிடைக்கும்.

இருபத்திரண்டு வரை இப்படியே.
இருபத்து மூன்றில்,
மூன்று ராத்திரி ஓடி, ஆழம் நாற்பத்தேழைத் தொட்டு,
எஞ்சின் எனக்கு ஐந்து வழி காட்டியது.
ஐந்துக்கும் நேரே ஒரே எண்:
பூஜ்ஜியம் புள்ளி பூஜ்ஜியம் பூஜ்ஜியம்.
யானையை நகர்த்து, சரி.
ராணிக்கு ராணி வெட்டிக்கொள், சரி.
ராஜா ஓரமாக ஒதுங்கட்டும், அதுவும் சரி.
கல்யாணப் பந்தியில் முகம் பார்க்காமல்
சாம்பார் ஊற்றிக்கொண்டே நகர்கிறவனைப் போல
உன் இஷ்டம், உன் இஷ்டம் என்கிறது.

என் இஷ்டமா?
ஆறு மாதமாக யாரும் அதைக் கேட்கவில்லை.
எங்கே வைத்தேனென்று எனக்கே தெரியவில்லை.

கீழே மெட்ரோ வாட்டர் லாரி வந்தது.
குடம் பிடித்துக்கொண்டே யோசித்தேன்.
மூன்றாவது குடம் வழிந்தபோது
ஐந்திலும் இல்லாத ஆறாவது தெரிந்தது:
ராஜாவுக்கு முன்னால் நிற்கிற சிப்பாய், இரண்டு கட்டம்.
கதவைத் திறந்து போட்டுவிட்டு
தெருச் சண்டைக்குப் போகிற மாதிரி.
எஞ்சினிடம் கேட்டிருந்தால் முகம் சுளித்திருக்கும்.
கேட்கவில்லை.
ஈரக் கையோடு அனுப்பிவிட்டு
பிளக்கைப் பிடுங்கினேன்.

அந்தக் கதவுக்குள் நுழைந்து சூறையாட
ரைமோவின் எஞ்சினுக்குக் கால் மணி நேரம் அதிகம்.
முதல் நாள் பதில் இல்லை.
இரண்டாம் நாள் இல்லை.
ஷெட்டில் போல்ட் முறுக்கும்போது கணக்கு விட்டுப் போய்
முதலிலிருந்து எண்ணினேன்.
"என்னம்மா, யாருக்காவது பிரசவ நாளா?" என்றார் சூப்பர்வைசர்.
ஐந்தாம் நாள், மூன்று மணி நேரம் மிச்சமிருக்க,
அவருடைய குதிரை பலகையின் ஓரத்தில் போய் நின்றது.
கூடவே ஒரு வார்த்தை: டிராவா?

ஓரத்துக் குதிரை!
எந்த எஞ்சினும் அங்கே அனுப்பாது.
ரைமோவும் எங்கோ ஒரு பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார்.
அல்லது
ஐம்பது நகர்த்தல் ஆழத்தில், எனக்கெட்டாத இருட்டில்,
அதுதான் வலையின் முதல் முடிச்சு.

வேண்டாம் என்று அழுத்தினேன்.

பிளக் கையெட்டும் தூரத்தில்தான் கிடக்கிறது.
செருகினால் ஒரு நிமிஷம்;
அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது யாரென்று
தெரிந்துவிடும்.

பிளாஸ்டிக் பலகையில் காய்களை அடுக்கியிருக்கிறேன்.
தொலைந்துபோன கறுப்பு மந்திரிக்குப் பதிலாக
ஒர்க்ஸிலிருந்து வந்த பேரிங் குண்டு.
கூட்ஸ் வண்டி போகும்போதெல்லாம்
அது மெல்ல அடுத்த கட்டத்துக்கு உருள்கிறது.
எடுத்துப் பழைய இடத்தில் வைக்கிறேன்.
இன்னும் நான்கு நாள், இருபது மணி நேரம்.